கேட்டில் கட்டிய வேப்பிலை

12.9.2022, திங்கள்

லீவு முடிந்து பள்ளி திறந்துவிட்டது. குமுதா முகக்கவசம் இல்லாமல் கிளம்பினாள். கேட்டால், "இனிமே அவங்கவங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க பாட்டி. ஒன்னாம் வகுப்புப் பிள்ளைங்க, டீச்சர் வாயைப் பார்த்துதானே எழுத்துச் சொல்லும்" என்கிறாள்.

நானும் அவள் தாத்தாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த வீட்டிலிருந்து ஒரு டீச்சர் போகிறாள். சேலை மடிப்பைப் பிடித்துவிட்டுக் கேட் வரைக்கும் போனேன். எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கட்டும்.

14.9.2022

குமுதாவுக்குத் தொண்டை கரகரப்பு. பிள்ளைகளோடு கத்தியதால் வந்தது என்கிறாள். அப்படித்தான் இருக்கும். அப்படித்தானே?

15.9.2022, வியாழன்

இரண்டு கோடு.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பேசுகிறாள். "வகுப்புல பாதிப் பேருக்கு இருமல் பாட்டி. ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க உள்ள வராதீங்க." எனக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒரு கோடுதான்.

ஊசி போட்டிருக்கிறாள், இப்போது யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை என்கிறாள். இவளுக்குச் சின்னதிலிருந்தே இழுப்பு உண்டு. மூச்சுக்கு அடிக்கிற பம்ப் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன்.

போன வருஷம் அவர் போன மாதிரி — எழுத வேண்டாம்.

16.9.2022, வெள்ளி

மலேசியா தினம், லீவு. தாமான் வரிசை வீடுகள் முழுக்கக் கொடி. என் கேட்டில் மட்டும் வேப்பிலை.

விடிந்ததும் நானே போய்க் கட்டினேன். அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், ஏன் எதற்கு என்று கேட்கவும் மாட்டார்கள். ஹெட்மாஸ்டர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். அவர் ஏன் இங்கே வந்து சொல்லப்போகிறார்?

போன வருஷம் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாதென்று எங்கள் கையில் ரோஸ் பட்டை கட்டியபோது இந்த வரிசையில் ஒரு ஜன்னல் திறக்கவில்லை. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு தானாக நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறினார். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். அப்புறம் ஆஸ்பத்திரியில் அவர் முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. துக்கம் கேட்க ஒருத்தர் வரவில்லை. இன்னொரு தடவை அந்த மூடின ஜன்னல்களை நான் பார்க்கமாட்டேன்.

மாரியாத்தா பேரில் பொய் சொல்கிறேன். குத்தம் என் தலையில் இருக்கட்டும். பிள்ளையைத் தொடாதே, தாயே.

17.9.2022, சனி

சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் விற்க வருகிற சீனரின் வேன் வந்தது. எங்கள் வாசலில் ஹார்ன் அடிக்காமல் போய்விட்டது. அந்தச் சீனருக்குக்கூட வேப்பிலை தெரிகிறது.

ரசத்துக்குத் தாளிக்கவில்லை. கடுகு வாசனை வெளியே போனால், அம்மை வீட்டில் தாளிப்பா என்று பிடித்துவிடுவார்கள். பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு வேலை. குமுதா அறைக்குள்ளிருந்து, "என்ன பாட்டி, ரசம் சப்புன்னு இருக்கு? எனக்கு நாக்குப் போச்சா, உங்களுக்குக் கை போச்சா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே இரண்டு இளநீர், ஒரு தூக்கில் மோர். புஷ்பவள்ளி வைத்துவிட்டு, அம்மை வீட்டு முறைப்படி, போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பினாள். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். அம்மைக்கு எதற்கு வாயை மூடுகிறாள்? பயமாக இருக்கும் போல.

மோர் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மன் என்றால் மோர் வருகிறது. இவள் தாத்தா நல்லசாமி செத்தபோது வரவில்லையே.

18.9.2022, ஞாயிறு

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் இழுப்பு வந்துவிட்டது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை. விரலில் மாட்டுகிற மெஷினில் நம்பர் இறங்கிக்கொண்டே போகிறது. நெஞ்சு விசில் அடிக்கிற மாதிரி சத்தம். "பாட்டி... ஆஸ்பத்திரிக்குப் போகணும்." முழுசாகச் சொல்ல மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா என்றாள். ஐயோ, வேணாம்டி, அதுல ஏறாதே.

செருப்புப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். புஷ்பவள்ளியும் அவள் மகன் கணேஸ்வரனும் வந்தார்கள். அவனிடம் கார் இருக்கிறது.

"தம்பி, கிட்ட வராதே. அம்மை இல்லப்பா. நான் பொய் சொல்லிட்டேன். இது அது. போன வருஷம் வந்தது."

"தெரியும் பாட்டி" என்றான். சாவி அதற்குள் அவன் கையில். "வியாழக்கிழமையே ஸ்கூல் பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல ஹெட்மாஸ்டர் போட்டுட்டாரு லா. தாமானுக்கே தெரியும். ஏறச் சொல்லுங்க."

புஷ்பவள்ளி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க வேப்பிலை கட்டிட்டீங்க பெரியம்மா. சரி, அம்மைன்னே இருக்கட்டும்னு விட்டோம். பெரியப்பா போனப்ப ஒரு ஜன்னலத் திறக்கல நாங்க. எந்த முகத்த வச்சிக்கிட்டு உங்களக் கேக்கிறது?"

கார்க் கண்ணாடி எல்லாம் இறக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு ஓட்டினான். நானும் பின்னால் ஏறினேன். யார் தடுத்தாலும் இறங்கியிருக்கமாட்டேன். ஆஸ்பத்திரியில் குமுதாவை உள்ளே கொண்டுபோய் மூச்சுக்குக் கேஸ் வைத்தார்கள். இருந்து பார்க்கணும் என்கிறார்கள். கதவு மூடும்போது கையை ஆட்டினாள்.

ஏன்டி கையை ஆட்டினே?

19.9.2022

போனில் பேசினாள். ஒரு முழு வாக்கியம், நடுவில் மூச்சு வாங்காமல்.

21.9.2022, புதன்

வந்துவிட்டாள். வேப்பிலையை அவிழ்த்தேன். காய்ந்து உதிர்ந்தது. ரசத்துக்கு நிறையக் கடுகு போட்டுத் தாளித்தேன். எதிர்வீட்டிலிருந்து புஷ்பவள்ளி தும்மினாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

3.10.2022, திங்கள்

குமுதா பள்ளிக்குப் போகிறாள். முகக்கவசம் போட்டுக்கொண்டாள், அவளாகவே. கேட் வரைக்கும் போனேன்.

6.10.2022

காலையில் வாசல் தெளிக்கப் போனேன். புஷ்பவள்ளி வீட்டுக் கேட்டில் ஒரு கொத்து வேப்பிலை.

ஒன்றும் கேட்கவில்லை. மோர் கடைந்து தூக்கில் ஊற்றினேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு போய் வைத்தேன். போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பினேன். ஜன்னலில் நின்றிருந்தாள்.