மெலனியின் போன்

ஹம்பேர்க், நவம்பர் 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் ரெஜினா அக்கா என்னை மாதா கோயிலின் பின்பக்கம் கூட்டிப் போய், மகள் மெலனியின் போனைக் கையில் வைத்தார். ஒரு கிழமையாகப் பிள்ளை வீட்டில் ஒருவரோடும் பேசுவதில்லையாம்.

"நீர் ஹக்கிங் படிக்கிறீராம். உந்தப் போனைத் திறந்து தாரும்."

"ஏலாது அக்கா. சொந்தக்காரர் சம்மதிக்காம ஒண்டையும் தொடக்கூடாது. எங்களுக்கு முதல் பாடமே அதுதான்."

"பதினாலு வயசுப் பிள்ளைக்கு நான்தானே சொந்தக்காரி. வேலை கிடைக்க முன்னமே சட்டம் கதைக்கிறீர்."

முகம் சுட்டது. என் கணினியைத் தவிர வேறெதையும் இன்னும் சோதித்துப் பார்க்காதவள் நான். ஆனால் அந்தப் போனைத் திறக்கப் படிப்பே தேவையில்லை. பாடகர் குழுவில் மெலனி என் பக்கத்தில்தான் நிற்பாள். பூட்டைத் திறக்கத் திரையில் அவள் விரல் போகும் வழி எனக்கு மனப்பாடம்.

"பயமாக் கிடக்குப் பிள்ளை" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரி, நாளைக்கு ஸ்டேஷனடியில போன் திருத்திற கடையில குடுக்கிறன். அவங்கள் திறப்பாங்கள்."

நான் காப்பாற்றியது மெலனியையா, கிடைக்கப் போகும் வேலையையா என்று தெரியவில்லை. அவளிடமே கேட்டுப் பார்ப்போம் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. இப்போது அவளுக்கு எழுதலாம் என்றால், போன் அவளிடம் இல்லை.