பினாங்கு போனவர் வகையறாவுக்கு மனைப்பட்டா மறுத்தது பற்றி

அனுப்புநர்:
ரெ. அம்சவல்லி,
க/பெ. ரெத்தினம்,
தெற்குத் தெரு, மருதவாய்க்கால் கிராமம்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: குடியிருக்கும் மனைக்குப் பட்டா மறுத்ததை எதிர்த்தும், வீட்டைப் பிரிக்க விதித்த கெடுவை நிறுத்தக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நடவும் அறுப்பும் செய்து பிழைப்பவள். எட்டாவது வரை படித்திருக்கிறேன். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. பண்ணையாட்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று அரசு சட்டம் போட்டதும், எங்கள் தெருவில் பதினான்கு வீட்டார் பட்டா கேட்டோம். எங்கள் வீட்டுக்கு மட்டும் மறுத்துவிட்டார்கள்.

2. காரணம் என் வாய்தான். விசாரணைக்கு வந்த அதிகாரி, "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டார். வருடத்தைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நானோ, "எங்க வீட்டுப் பெரியவரு ஐயாவு பினாங்குலேருந்து வந்து போட்ட வீடுங்க இது" என்று ஆரம்பித்துவிட்டேன். பெண் கேட்டு வருகிறவர்களிடம்கூட அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் தாம்பூலத்தைத் தொடுவோம். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. பக்கத்தில் நின்ற நிலத்துக்காரர் திரு. பஞ்சநதம் அவர்கள், இதுதான் சமயமென்று, இவர்கள் அயல்நாடு போய்ப் பிழைத்தவர்கள், பண்ணையாள் குடும்பமே அல்ல, கப்பலேறிய அன்றே மனைப் பாத்தியதை போயிற்று என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரியும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். வருகிற 15-ஆம் தேதிக்குள் வீட்டைப் பிரித்துக்கொண்டு போகவேண்டுமாம்.

3. ஐயாவு என் கணவருடைய பாட்டனாரின் தகப்பனார். நூறு வருடத்துக்கு முன், பினாங்குச் சீமை இந்தியாவிலிருந்து பிரிந்து வெள்ளைக்காரனின் தனிக் காலனியாகிச் சில வருடங்களே ஆன சமயம், தீவுக்கு எதிர்க்கரைக் காட்டை வெட்டிக் கரும்பு போட ஆள் பிடித்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஐயாவு உட்படப் பதினோரு பேர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். காய்ச்சலும் பிரம்படியும் போக, திரும்பியவர்கள் நான்கு பேர். வெள்ளைக்காரன் நல்லவன் என்று நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் கூலி ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. இங்கே பண்ணையடிமைக்கு அது இல்லை. தேதி முடிந்ததும் ஐயாவு வண்டியோட்டினார், சட்டை போட்டார், யாருக்கும் ஒதுங்காமல் நடுச்சாலையில் போனார்.

4. ஒன்பது வருடம் கழித்துச் சட்டையோடுதான் ஊருக்குள் வந்தார். பண்ணையாள் சட்டை போடக்கூடாதென்று திரு. பஞ்சநதம் அவர்களின் முன்னோர் கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை. ஒரு குறுவை முழுக்க வேலை கொடுக்காமல் பட்டினி போட்டார்கள். சம்பா நடவுக்கு ஆள் போதாமல் அவர்களே கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து நான்கு தலைமுறையாக அதே பண்ணையில் சேறு மிதிக்கிறோம். நாங்கள் பண்ணையாட்கள் இல்லையென்றால், அந்த நெல்லை விளைவித்தது யார் என்று திரு. பஞ்சநதம் அவர்கள்தான் சொல்லவேண்டும்.

5. வெள்ளத்துக்குப் பயந்து, ஐயாவும் அவர் மனைவியும் வாய்க்கால் மண்ணைக் கூடைகூடையாகச் சுமந்து அந்த மனையை இடுப்பளவு உயர்த்தினார்கள். மறுப்பு உத்தரவில் அதை நஞ்சை வயல் என்றும் எழுதியிருக்கிறார்கள். இடுப்பு உயரத்தில் எந்த ஊரில் ஐயா நாற்று நடுகிறார்கள்? தாங்கள் நேரில் வந்து பார்க்கவேண்டும்.

6. போன வாரம் கிராமக் கணக்குப்பிள்ளை வந்து, "பினாங்கு கதையெல்லாம் பொய்யின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா, பட்டா தானா வந்துடும்" என்று யோசனை சொன்னார். என் கணவர்கூட ஒரு நாள் தடுமாறினார். அந்த மனிதர் பட்டினி கிடந்து கழற்றாத சட்டையை, ஒரு துண்டுக் காகிதத்துக்காக நான் கழற்றிக் கொடுக்க மாட்டேன். என் வாக்குமூலத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன்.

7. 15-ஆம் தேதி பிள்ளைகளோடு நாங்கள் ஆறு பேரும் வீட்டுக்குள்தான் இருப்போம். கூரையைப் பிரிக்க வருகிறவர்கள் எங்கள் தலைக்கு மேலேதான் பிரிக்கவேண்டும்.

ஆகவே, அதற்குமுன் தாங்கள் மனையைப் பார்வையிட்டு, மறுப்பு உத்தரவை ரத்து செய்து பட்டா வழங்கவேண்டும். அதில் பெயர் எழுதும்போது, 'பினாங்கு சென்று திரும்பிய ஐயாவு வகையறா' என்றே எழுதித் தரவேண்டும்.

இடம்: மருதவாய்க்கால்
நாள்: 5-2-1972

இப்படிக்கு,
மேற்படி மனையில் குடியிருந்துவரும்,
ரெ. அம்சவல்லி