முக்கால் அங்குலம்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள முனிகிருஷ்ணனுக்கு,

சாமுவேல் எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. இதைப் போனில் இரண்டு முறை சொல்ல முயன்றேன். நீ சிரித்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. காகிதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

பத்து நாட்களுக்கு முன் என் இதயக் குழாயில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வருடமாகவே மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகியது. நம் கோலார் தங்கவயலில் யாருக்கு நெஞ்சு அடைத்தாலும் சுரங்கத் தூசி என்றுதானே சொல்வோம்? நானும் அப்படியே நினைத்து இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் நோட்டில் குறித்தும் வந்தேன்: நிற்காமல் நடந்த அடிகள் ஜனவரியில் நூற்று எண்பது, மார்ச்சில் நூற்றுப் பத்து, ஜூனில் அறுபத்து நான்கு. யாரிடமும் சொல்லவில்லை. தப்பாக எண்ணியிருப்பேனோ என்று சந்தேகம். மகள் பிரிஸில்லா நோட்டைப் பார்த்துவிட்டு, ஏம்பா, சாவறதுக்குக் கூட கிராஃப் போடுவீங்களா என்று கத்தி, அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நுரையீரலில் தூசி இருக்கிறதாம். ஆனால் குற்றவாளி அது இல்லையாம்.

எனக்கிருந்த பயத்தை உன்னிடம் மறைக்கவில்லை. மேஜையில் படுத்தபோது கால் நடுங்கியது. லட்சுமம்மா என்ற நர்ஸ் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது தாத்தா, ஆடாம படுங்க என்று கன்னடமும் தமிழுமாக அதட்டினாள். மார்பைத் திறக்கவில்லை. மயக்கமும் கொடுக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் மரக்கச் செய்து, அங்கே ஒரு சிறு துளை. அதன் வழியாக நூல் போன்ற கம்பி கை முழுக்க ஏறி, தோளைத் தாண்டி, இதயத்தின் வாசலுக்கே போய்விட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுரங்கத்தில் நம்மை நாலாயிரம் அடி இறக்க அந்தக் கூண்டு போட்ட சத்தத்தை நினைத்துக்கொண்டேன்.

மருந்தைச் செலுத்தியதும் திரையில் என் இதயத்தின் குழாய்கள் கறுப்பாகக் கிளைவிட்டன. எழுபத்தாறு வருடம் எனக்குள் இருந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். முன்பக்கம் இறங்கும் பெரிய குழாய் ஓரிடத்தில் மயிரிழையாக இளைத்திருந்தது. டாக்டர் ஆஷா, என் மகளைவிட இளையவர், சுருங்கிய பலூனை அங்கே கொண்டுபோய் ஊதினார். சில நொடிகள் நெஞ்சில் பாறை உட்கார்ந்தது, பிறகு எழுந்து போனது. அடுத்து இன்னொரு பலூன். அது வலைக்கம்பிக் குழாய் ஒன்றை விரித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிட்டது. நீளம் இருபத்தெட்டு மில்லிமீட்டர், விரிந்தபின் அகலம் மூன்று. கேட்டுக் குறித்துக்கொண்டேன். மறுபடி மருந்து செலுத்தியபோது அந்தக் கறுப்பு, கடைசி நுனி வரை சரசரவென்று ஓடியது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலிக்குதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்த்தேன்.

சுரங்கத்தில் இடிகிற இடத்துக்கு மரமும் இரும்பும் வைத்து முட்டுக் கொடுக்கும் என் சிநேகிதனைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். அப்போ நான் உங்க முனிகிருஷ்ணன் வேலையைத்தான் செய்யறேன் என்று சிரித்தார். நீ உள்ளே போய் முட்டு வைத்துவிட்டு வந்தபின் நானூறு பேர் அதன் கீழே நடந்து வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரும் மேலே நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்குள் இப்போது அப்படி ஒன்று நிற்கிறது. படியேறும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கத் தோன்றுகிறது.

இனி எழுதுவதுதான் கடினம். எண்பத்தாறு ஜூனில் நீ பதினொரு மணி நேரம் கல்லுக்குள் கிடந்தாயே, அதைப் பற்றி. சுரங்கச் சுவர்கள் நெருங்குகின்றனவா என்று வாரந்தோறும் அளப்பது என் வேலை. அந்த வெள்ளிக்கிழமை உன் இடத்தை அளந்தேன். ஒரே வாரத்தில் முக்கால் அங்குலம் குறுகியிருந்தது. அத்தனை குறுகாது, டேப்பைத் தப்பாகப் பிடித்திருப்பேன் என்று நினைத்தேன். பெரிய அதிகாரியிடம் போய்த் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். திங்கட்கிழமை மறுபடி அளந்துவிட்டுச் சொல்லலாம் என்று நோட்டில் எழுதி மூடினேன். சனிக்கிழமை இடிந்தது. பாறை தானாக வெடித்தது, முன்கூட்டி யாருக்குத் தெரியும் என்றார்கள் எல்லோரும். கல்லுக்கு என் மேல ஆசை சர்வேயரே என்று நீயும் நொண்டிக்கொண்டே சிரிப்பாய். எனக்குத் தெரிந்திருந்தது, முனிகிருஷ்ணா.

போன வாரம் உன் வீட்டுக்காரி, என் தங்கை மாதிரியான வனஜா, பிரிஸில்லாவிடம் போனில் அழுதிருக்கிறாள். வீட்டிலிருந்து மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் நீ மூன்று இடத்தில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாயாம். போன வருடம் நின்றதே இல்லையாம். கேட்டால், இன்னா புதுசா, முழுங்குன தூசிதான், அடுத்த வாரம் பாத்துக்கலாம் என்கிறாயாம். நான் டாக்டர் இல்லை. தப்பாகவும் இருக்கலாம். தப்பென்றால் என்னைத் திட்டிவிட்டு ஊருக்குத் திரும்பு. இந்த அளவை மட்டும் நான் நோட்டில் எழுதி மூட மாட்டேன்.

வரும் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு டாக்டர் ஆஷாவிடம் உன் பெயரைப் பதிந்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் இதுதான். அதற்குள் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகினால் ரயிலுக்குக் காத்திருக்காதே. அங்கேயே ஆஸ்பத்திரிக்கு ஓடு. வனஜாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

வியாழன் காலை ரயிலுக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் நிற்பேன். இதைப் படித்தபின் என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காமல் போகலாம். பேச வேண்டாம். ஆட்டோவில் வேண்டுமானால் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள். கோபத்தோடு வா, ஆனால் வந்துவிடு.

கர்த்தர் உன்னை வியாழன்வரை காக்கட்டும். அதற்குமேல் அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் சர்வேயர்,
சாமுவேல்