சவுனாவின் மரப்பலகை

அன்புள்ள ஹில்க்கா,

இதை எழுதுவது சரிதானா என்று தெரியவில்லை. புற்றுநோயால் உன் மார்பகத்தை அகற்றிய பிறகு வந்த சனிக்கிழமைகளில் நான் உன்னோடு நம் சவுனா நீராவி அறையில் குளிக்க வரவில்லை. "என் தழும்பப் பாக்க அருவருப்பா இருந்தா வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்றாய். நான் விறகு பிளக்க வெளியே போனேன். நீ உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய்.

எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் ஆறாத அழற்சி. சவுனாவின் அந்த மரப்பலகையில் வலி தாங்கி என்னால் உட்கார முடியாது. உன் நோய்க்கு முன்னால் இதைச் சொல்லக் கூசினேன்.

"கிருமி எப்பவோ போயிடுச்சு பெரியவரே. அது தெரியாம உங்க எதிர்ப்பு அணுக்கள் இன்னும் ஆபத்துன்னு ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பி ஆள் சேத்துக்கிட்டிருக்கு" என்றார் டாக்டர். குணமாகுமா என்று கேட்டேன். "பழகிக்கங்க" என்றார்.

இந்தச் சனிக்கிழமை சவுனா அடுப்பை மூட்டுகிறேன். வந்தால் நீ உட்கார்ந்துகொள். நான் உன் எதிரில் நிற்கிறேன்.

உன் கணவன்