வெயில் காணாத கோதுமைப் புல்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
8-1-1944

அன்பிற்கும் இப்போது கவலைக்கும் உரிய தம்பி கிறிஸ்துராஜுக்கு,

கர்த்தர் காக்க, நானும் உன் அத்தானும் நலம். நீ நலமில்லை என்று உன் கடிதமே கூறுவதால், அவ்விடத்து நலம் கேட்கும் வாசகத்தை இம்முறை விட்டுவிடுகிறேன்.

பொழுது சாய்ந்தால் கண் தெரிவதில்லை என்றும், ரோந்தின்போது சக போலீஸ்காரர் இருளப்பசாமி லத்தியைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னே நடக்க, அந்த ஓசையைப் பிடித்து நீ பின்னே செல்வதாகவும் எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் செய்தி இன்ஸ்பெக்டரை எட்டி உத்தியோகம் பறிபோகும் என்று அஞ்சுகிறாய். அச்சம் நியாயமே. இது மாலைக்கண். ஓராண்டாக ஓட்டல் சோறும் ஊறுகாயும் உண்டவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? நீயோ முருங்கைக்கீரையின் வாசனைக்கே குமட்டுகிறவன். யுத்தத்தினால் மீனெண்ணெயும் இங்குள்ள கடைகளில் இல்லை.

அமெரிக்காவில் இளங்கோதுமைப் புல்லை உலர்த்திப் பொடித்து உண்கிறார்கள் என்றும், கண்ணுக்கு வேண்டிய கீரைச்சத்து அதில் செறிந்துள்ளது என்றும் ஓர் ஆரோக்கியப் பத்திரிகையில் வாசித்தேன். ரேஷனில் அரிசிக்குப் பதிலாக அளந்த கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் தெருவே விழிக்கிறது. நான் அதனை விதைக்கத் துணிந்தேன். அடுத்த வீட்டு மாடத்தி அம்மன் கொடைக்கு முளைப்பாரி வளர்ப்பதில் பேர்போனவள். அவளிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது, "ஏக்கா, வேதக்கார வீட்டுல முளைப்பாரியா? ஒங்க சர்ச்சு ஐயரு வந்தா அவியளையும் கும்மியடிக்கச் சொல்லட்டா?" என்று சிரித்தாள்.

கோதுமையை ஊறவைத்து, எருவும் மண்ணும் பரப்பிய சட்டிகளில் தூவி, அவளுடைய இருட்டறையில் வைத்தோம். பத்தாம் நாள் ஒரு சாண் உயரத்தில், பொன்னிறத்தில், பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அறுத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்தேன். தகர டப்பாவை பஸ் கண்டக்டர் பால்ச்சாமி வசம் அனுப்பியுள்ளேன். காலையும் மாலையும் ஒரு கரண்டி பொடியை மோரில் கலந்து பருகவும்.

உன் நலமே வேண்டும் அக்காள்,
ஞானரத்தினம்

*

ராஜபாளையம்,
25-1-1944

வணக்கத்திற்குரிய அக்காளுக்கு,

பொடி வந்தது. ஒரு வேளையும் தவறாமல் குடிக்கிறேன். வைக்கோல் மணம். ஓட்டல்காரர் என் தம்ளரை எட்டிப் பார்த்து, "என்ன போலீசு, குதிரைப் படைக்கு மாத்திட்டாவளா?" என்று கேட்டார்.

ஆனால் அக்கா, கண் அப்படியே இருக்கிறது. முந்தாநாள் பொழுது மங்கியதும் பஞ்சாலைப் பக்கம் சாக்கடையில் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். அதைவிடப் பெரிய செய்தி, இருளப்பசாமியை வத்திராயிருப்புக்கு மாற்றி உத்தரவு வந்துவிட்டது. மார்ச் முதல் தேதியிலிருந்து மாலை ரோந்துக்கு நான் தனியாகத்தான் போகவேண்டும். "ஏலே, நானும் எம்புட்டு நாளுதான் ஒனக்குக் கண்ணா இருக்க?" என்று சொன்னான். சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

என்ன செய்ய?

தம்பி,
கிறிஸ்துராஜ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
28-1-1944

தம்பிக்கு,

பத்திரிகையில் உள்ளபடி செய்த பொருள் பலன் தரவில்லை எனில், உண்டவன் உண்ணவில்லை என்றே கொள்ளவேண்டும். சிறுவயதில் விளக்கெண்ணெயைச் சன்னல் வழியே கொட்டிவிட்டுக் குடித்தேன் என்று அம்மையிடம் சத்தியம் செய்தவன் நீ. பொய் சொல்வதை விடுத்துப் பொடியை உண்பாயாக.

ஞானரத்தினம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
12-2-1944

என் அருமைத் தம்பிக்கு,

இரு வாரங்களாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் எழுதிய எழுத்துக்கு அதுவே தக்க பதில் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கடிதம் தபாலில் போன மறுநாள் மாடத்தியின் கிணற்றடிக்குச் சென்றேன். விளிம்பு உடைந்த சட்டி ஒன்றை அவள் இருட்டறையில் சேர்க்காமல் அங்கே போட்டிருந்தாள். அதில் எஞ்சிய கோதுமை கிளிப்பச்சையாகத் தழைத்து நின்றது. எவ்வாறு என்று வினவினேன்.

"வெயிலு பட்டா பச்சை, படலைன்னா மஞ்சள். சாமிக்கு மஞ்சளாத்தான எடுக்கணும், அதான் இருட்டுல வச்சேன். நீங்க முளைப்பாரி மாதிரி வளக்கணுமின்னுதான சொன்னிய. பச்சையா வேணுமின்னு சொல்லலையே, அக்கா."

அவள் சொன்னது உண்மை. வீட்டுக்கு வந்து பத்திரிகையை மீண்டும் பிரித்தேன். வெளிச்சத்தில் வளர்த்து, நிழலில் உலர்த்துக என்று அச்சிட்டிருந்தது. நிழல் என்ற ஒன்றை மட்டும் மனத்தில் இருத்தி, எனக்குத் தெரியாததா என்று மற்றதைத் தாண்டிவிட்டேன். பச்சை ஏறாத புல்லில் நீ தேடிய சத்து எங்கிருந்து வரும்? நீ ஒழுங்காக உண்டது வெறும் சக்கை. உன்னைப் பொய்யன் என்று எழுதியவள் நான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் எழுத்துக் கற்றேன் என்ற செருக்கு எனக்கு உண்டு. அச்செருக்கு உன்னைச் சாக்கடையில் இறக்கியது. என்னை மன்னிக்கவேண்டும்.

மாடத்தியும் நானும் சட்டிகளைக் கிணற்றடி வெளிச்சத்தில் வைத்துப் புதிதாக வளர்த்தோம். கணு விடுமுன் அறுத்து, கூரைக்கு அடியில் உலர்த்தி இடித்த பச்சைப் பொடி இத்துடன் வருகிறது. கீரையைப்போல இதற்கும் எண்ணெய் துணை வேண்டும். ஓட்டலில் தோசை மாவில் கலந்து நல்லெண்ணெய் விட்டுச் சுடச் சொல். சோற்றில் போட்டு வெண்ணெயோடு பிசைந்தும் உண்ணலாம். டப்பாவைத் திறந்து வைக்காதே. ஓட்டல்காரர் எது கேட்டாலும் பொறுத்துக்கொள்.

இதுவும் பலிக்காவிட்டால், உத்தியோகம் போனாலும் போகட்டும், உன் கையைப் பிடித்து நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வேன்.

அக்காள்,
ஞானரத்தினம்

*

ராஜபாளையம்,
3-3-1944

அன்புள்ள அக்காளுக்கு,

கோபமாகத்தான் இருந்தேன். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்டு நீ எழுதுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு கோபம் எங்கே இருக்கும்?

பச்சைப் பொடி தின்னத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வாரத்தில் ஒரு மாலை, வழக்கம்போல இருளப்பசாமி முன்னே, நான் பின்னே. சந்தையைத் தாண்டி, இருட்டிய தெருவுக்குள் திரும்பி, பாதித் தூரம் போயிருப்போம். அவன் நின்று திரும்பினான்.

"லத்தி தட்டுறத நிப்பாட்டி செத்த நேரம் ஆச்சுலே. நீ பாட்டுக்கு வாரியே."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவன் மீசை தெரிந்தது அக்கா. அவன் பின்னால் கிடந்த மாட்டு வண்டியும் தெரிந்தது. அவன் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தான்.

முந்தாநாள் அவன் வத்திராயிருப்பு பஸ் ஏறிவிட்டான். அன்று மாலை முதல் தனியாக ரோந்து போகிறேன். பகல்போல் என்று சொல்லமாட்டேன். பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனால் கொஞ்சம் தடுமாறுகிறது. ஆனால் சாக்கடை எது, பாதை எது என்று தெரிகிறது. நேற்று இன்ஸ்பெக்டர் எதிரே வந்தார். இருபது கெஜத்திலேயே கண்டு சல்யூட் அடித்தேன். "அலர்ட்டா இருக்கேயப்பா" என்றார்.

உன் தம்பி,
கிறிஸ்துராஜ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
5-3-1944

கண்ணான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதனை உன் அத்தானுக்கு உரக்க வாசிக்க முற்பட்டு, இருளப்பசாமி திரும்பி நின்ற இடத்தில் கடிதத்தைத் தாழ்த்திவிட்டேன். மிச்சத்தை அவர் தாமே வாங்கி வாசித்துக்கொண்டார்.

பொடியின் பலனோ, வெண்ணெயின் பலனோ, இரண்டும் சேர்ந்ததோ, ஆண்டவர் அறிவார். அதனை ஆராய்ந்து அழகாக ஒரு வாசகம் அமைக்க எண்ணினேன், கை ஓடவில்லை. சுவர் ஓரமாகப் போய், அடுத்த வீட்டுக்குக் கேட்க, "ஏட்டி மாடத்தி, அவனுக்குக் கண்ணு தெரியுதாம்ட்டி" என்று கூவினேன். நான் அப்படிக் கூவித் தெரு கேட்டதில்லை.

எட்டிப் பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த ஈட்டுப் புல்லுக்கு அவள் கோதுமையை அளந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

உன் அக்காள்