மதகில் ஏறாத வெள்ளைத் துணி

6 டிசம்பர் 1958, சனி

முழங்கால் வலி இன்று கொஞ்சம் தேவலை. ஏரி நிரம்பிக் கிடக்கிறது. சிறவி வாத்து கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கிறது. விடியற்காலையில் அதுகள் போடும் சத்தத்தில் நான் செய்யும் ஜெபம் எனக்கே கேட்கவில்லை. ஆண்டவர் ரெண்டையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இருளர் தெரு மாசி சட்டி மிதக்க விட்டிருக்கிறான். அவர்கள் வாத்து பிடிக்கிற விதமே தனி. வெறும் மண்சட்டிகள் சில நாள் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். பறவைகளுக்குப் பயம் விட்டுப்போகும். அப்புறம் ஒருநாள் கண்ணுக்கு ஓட்டை போட்ட சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மாசி மெதுவாக நடப்பான். காலைப் பிடித்து உள்ளே இழுத்தால் பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது. கரையில் நின்று பார்த்தால் எது சட்டி, எது மாசி என்று சொல்லமுடியாது.

அதற்காகத்தான் போன வருஷம் ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது. வாலாஜாபாத் அரிசி மில் முதலாளி முத்துகிருஷ்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு ஜீப்பில் வந்து வாத்து சுடுவார். வழி காட்டுவது என் தம்பி ஏசுதாஸ். அவர் வருகிற அன்று விடியும்போதே மதகுக் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏற்றுவது அவன் பொறுப்பு. துணி பறந்தால் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. துணி என் பழைய புடவையில் கிழித்தது.

சாயங்காலம் வந்தான். கோயிலுக்கு வராமல் துப்பாக்கி பின்னால் ஓடுகிறானே என்று பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரு மீன் புடிக்கிறவங்கள மொதல்ல கூப்டாரு அக்கா. நான் வாத்துக்காரன். கொஞ்சம் லேட்டா கூப்புடுவாரு."

சிரிப்பை அடக்கமுடியவில்லை. அவன் மகள் அம்முலுவைக் கட்டப்போகிற பையனுக்கு மில்லில் வேலை போட்டுத் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம். ஸ்தோத்திரம்.

14 டிசம்பர், ஞாயிறு

மாசியைச் சுட்டுட்டாங்க.

கோயிலில் பாட்டு பாடிக்கொண்டிருந்தோம். வெளியே தூறல். வெடிச் சத்தம் எப்போதும் கேட்கிறதுதான், நாங்கள் பாட்டை நிறுத்தவில்லை. அப்புறம் செங்கேணி கத்தினாள். மாசியின் பெண்டாட்டி. அந்தக் குரல் இன்னும் காதில் கீது.

சட்டி உடைஞ்சு, துப்பாக்கி ரவை இடது கண்ணில். நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஜீப்பு அதற்குள் போய்விட்டது. வண்டி கட்டிக் காஞ்சிபுரம் கொண்டுபோனார்கள்.

செங்கேணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "துணி இல்லயே ராணியம்மா, துணி இல்லயே" என்றாள். அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏசுதாஸைக் கேட்டேன். "ஏத்துனேன் அக்கா. தூறல்ல அவன் கண்ணுக்குத் தெரிலயோ இன்னாவோ" என்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது. பாவம், பயந்துவிட்டான்.

16 டிசம்பர், செவ்வாய்

மாரியம்மன் கோயில் அரசமரத்தடியில் பஞ்சாயத்து. தலைவர் சடையப்பன் நாற்காலியில். மாசி ஆஸ்பத்திரியில். செங்கேணி எட்ட நின்று துணி ஏறவே இல்லை என்றாள். ஏசுதாஸ் ஏற்றினேன் என்றான். தூறலில் கரைக்கு வேறு யாரும் போகவில்லை. பார்த்தவர் இல்லை.

சடையப்பன் என்னைப் பார்த்தார். "ராணியம்மா சொல்லட்டும்பா. அது வாயி ஓயாது, ஆனா பொய் பேசாது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து, என் தம்பி துணி ஏற்றினான், அவன் பொய் சொல்லமாட்டான் என்று சொன்னேன்.

அதோடு முடிந்தது. துணியை மீறி மாசி இறங்கியது குற்றம், இனி இருளர் ஏரியில் சட்டி போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகை மார்கழியில் அவர்களுக்கு வேறு இன்னா வருமானம் கீது? அது மட்டும் அதிகம் என்று பட்டது. வாயைத் திறக்கவில்லை. என்றைக்கும் திறக்கிற வாய்.

செங்கேணி போகும்போது என்னைத் திட்டவில்லை.

25 டிசம்பர், வியாழன்

பண்டிகை. ஏசுதாஸ் வீட்டிலிருந்து வாத்துக் குழம்பு வந்தது. மிளகு தூக்கலாக, நல்ல ருசி. மாசிக்காக ஜெபம் செய்தேன். அந்தக் கண் தெரியாதாம்.

3 ஜனவரி 1959, சனி

அம்முலு ரவிக்கைத் துணியோடு வந்தாள். கல்யாணம் தையில் வைத்திருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து நான் ஊசி கோத்துக்கொண்டிருந்தேன், அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என் அண்ணன் தம்பி வழியில் என் வாய் அவளுக்குத்தான் வந்திருக்கிறது.

"அத்தே, ஒரு பழைய பொடவ இருந்தா குடேன். சீயக்கா தேச்சிக் குளிச்சா தல தொவட்ட ஒண்ணுமில்ல. அன்னைக்கு நைனாவோட மதகுத் துணியில தொவட்டிக்கினேன், திட்டுவாருன்னு பாத்தா ஒண்ணும் சொல்லல."

"என்னைக்குடி?"

"அதான், மாசிக்கு அடிபட்ட அன்னைக்கு. விடிகாலயில குளிச்சேன்ல. கொடியில ஒலத்திட்டு நைனா வந்து எடுப்பாருன்னு பாத்தேன், எடுக்கவேயில்ல. சாயங்காலம் வரிக்கும் அங்கயேதான் கெடந்துச்சு."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. விரலில் ஊசி ஏறியது. தையலை நிறுத்திவிட்டுத் தலைவலி என்று அனுப்பினேன்.

வேதத்து மேல கை வெச்சேனே. இந்தக் கை.

4 ஜனவரி, ஞாயிறு

கோயில் முடிந்ததும் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான்.

"துணி அன்னைக்குக் கொடியில கெடந்துச்சாமே."

வைக்கோலைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுத்திருந்தால் இன்னும் ஒருநாள் நம்பியிருப்பேன்.

"துணி ஏத்துனா இருளருங்க சட்டிய எடுக்க ஓடியாருதுங்க அக்கா. பறவ மொத்தமும் எழும்பிப் பூடுது. போன தபாவே மொதலாளி மொறச்சாரு, இந்தத் துணி பேஜாரு வேணாண்டான்னாரு. தூறிக்கினு கெடந்துச்சு, எவன் எறங்குவான்னு நெனச்சேன்."

"என்ன ஏன்டா சத்தியம் பண்ண வெச்ச?"

"நானா வெச்சேன்? நீயாத்தான் பண்ண. பண்ணாம இருந்திருந்தா என்ன ஜெயில்ல போட்டிருப்பாங்க. தம்பிய காப்பாத்துனன்னு நெனச்சிக்க."

"நீ பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தியே."

மறுபடியும் வைக்கோலைக் கையில் எடுத்தான். "ஒனக்குப் புள்ளயா குட்டியா, அம்முலு நல்லா இருக்கவேணாமா" என்றான்.

அம்மா செத்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். கஞ்சி ஊதி ஊதிக் கொடுத்தவள் நான். அவனுக்கு என் மனசு தெரியும், நான் எங்கே வளைவேன் என்று தெரியும். வேற யாராச்சும் ஏமாத்திருந்தா திட்டிட்டுத் தூங்கிருப்பேன்.

5 ஜனவரி, திங்கள்

ஜெபம் வரவில்லை.

11 ஜனவரி, ஞாயிறு

சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்தேன். உபதேசியார் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்தால் எப்போதும் பார்ப்பார். இன்று கொஞ்சமாகத்தான் பேசினேன். துணி ஏறவில்லை, நான் பார்க்காததைச் சத்தியம் பண்ணினேன், மாசி மேல் குற்றம் இல்லை. அவ்வளவுதான்.

ஏசுதாஸ் இன்று பார்த்துக் கோயிலுக்கு வந்திருந்தான். அம்முலு கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கிற ஓலை வாசிக்கிற நாள் இல்லையா. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அம்முலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து எடுத்துத்தான் நான் பேசினேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

13 ஜனவரி, செவ்வாய்

சடையப்பன் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"கூடப் பொறந்தவன நீயே காட்டிக் குடுக்கறியேம்மா."

"அவன் என்ன முன்னாடியே காட்டிக் குடுத்துட்டான் ஐயா."

"சரி, சட்டி போட்டுக்கட்டும், நான் சொல்லிடறேன். மில்லுக்காரர நான் ஒண்ணும் கேக்கமுடியாது. இது சர்க்கார் ஏரி."

மில்லுக்காரர் மட்டும் பேச்சுத் தவறவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை போட்டாயிற்றாம்.

30 ஜனவரி, வெள்ளி

கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். என் வாசலைத் தாண்டிப் போனார்கள். தைத்து வைத்த ரவிக்கையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது.

2 பிப்ரவரி, திங்கள்

செங்கேணி வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. மாசிக்கு இன்னொரு கண்ணும் மங்குகிறதாம், பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம்.

"நான் ஒறவாட வர்ல. பஸ்ஸுல இன்னா எழுதிக்கீதுன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிப்ப. அதுக்கு வந்தேன்."

புதன்கிழமை போகவேண்டும் என்றாள். அன்றைக்குத்தான் கல்யாணம் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

4 பிப்ரவரி, புதன்

பட்டணம். ஆஸ்பத்திரித் தாழ்வாரம். எழுதக் கடுதாசி கொண்டுவந்தது நல்லதாயிற்று.

காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க ஏசுதாஸ் வீட்டுப் பந்தல் வழியாகத்தான் போனோம். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். மாசியின் கையைப் பிடித்து நான் நடத்திப் போனதையும் பார்த்தான். முடிச்சுப் போடுவதற்காகக் குனிந்துகொண்டான். இப்போதாவது அவன் ஓடிவந்து அக்கா என்பான் என்று பஸ் கிளம்புகிற வரைக்கும் திரும்பிப் பார்த்தேன். வெட்கமாயிருக்கு எழுத.

இங்கே சீட்டு எழுதுகிற பிள்ளை, படுக்கையில் சேர்த்தால் உறவுக்காரர்தான் கூட இருக்கலாம் என்றது. செங்கேணியை எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"இந்தம்மா யாரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் பார்க்காததைச் சொல்வதில்லை, இல்லாததைச் சொல்வதில்லை என்று இருக்கிறேன்.

செங்கேணி என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "எங்க ஊட்டுக்காரருக்கு அக்கா."

"அப்டியாம்மா?" என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது.

மாசி கட்டுப் போட்ட முகத்தோடு நான் இருக்கிற திசையைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஆமாம் என்றேன்.