திருப்பி மாட்டாத தகடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கண் விழித்ததும் நினைக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிடும்போது ஒரு கையில் குழந்தை, அடுப்பில் ஏதோ கொதிக்கும், நான் விஷயத்துக்கு வருவதற்குள் வைத்துவிடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அந்தப் பத்து நிமிடம்தான்.

மலையேறும் சங்கத்தில் சேர்ந்ததைச் சொன்னேன் அல்லவா, இந்த வயசுல எதுக்குப்பா என்று கூடக் கேட்டாய். நான் உச்சிக்கெல்லாம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக் கொட்டகையில் உட்கார்ந்து தகட்டுப் பலகையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு தகடு, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. ஏறும்போது சிவப்பு தெரிய மாட்ட வேண்டும், இறங்கி வந்ததும் பச்சைக்குத் திருப்ப வேண்டும். மாலை ஐந்தரைக்கு ஒரு சிவப்பு மிச்சமிருந்தாலும் ஆள் தேடிப் போவார்கள். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது, எத்தனை வண்டி போயிற்று எத்தனை வந்தது என்று தூக்கத்திலும் சொல்வேனே. மற்ற நாட்களில் பாதையில் பாட்டில் பொறுக்குவது, ஓடைக்கரையில் கல்படி போடுவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுப்பது என்று சங்கத்துக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. எனக்குக் கட்டுப்போடத் தெரியாது, அடிபட்டவனாகப் படுத்துக்கொள்வேன். போன தடவை பிள்ளைகள் போட்ட கட்டுக்குள்ளிருந்து என் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

போன ஞாயிறு நடந்த கூத்தைக் கேள். முதல் வளைவில் மழைக்கு அழிந்துபோன அம்புக்குறிக்கு வண்ணம் அடிக்க ஆளில்லை என்றார்கள். பலகையைச் செயலாளரான பேக்கரிக்கார அம்மாவிடம் ஒப்படைத்து, என் இருபத்தேழாம் தகட்டைச் சிவப்பாக்கிவிட்டு நானே போனேன். வேலை முடிந்ததும் முழங்கால் குத்தியது, வந்த வழியில் இறங்காமல் கல்குவாரிப் பக்கம் குறுக்கே இறங்கி நேராக வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். தகடு ஞாபகமே இல்லை, போனும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அங்கே ஐந்தரைக்கு ஒரே ஒரு சிவப்பு. டைம் கீப்பர் தகடு திருப்ப மறப்பாரா, மறந்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினோரு பேர் என் பேரைக் கூவிக்கொண்டு மலையேறியிருக்கிறார்கள், பல் டாக்டர் ஓடையில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். கடைசியில் அவர்களில் ஒருவரான தையல்காரர் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று வந்து என் கதவைத் தட்டினார். கையில் ரொட்டியோடு திறந்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்க இங்க இருக்கீங்க, உங்க பேரு அங்க மலை முழுக்கக் கேக்குது என்றார்.

கூனிக் குறுகிப் போனேன். ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் அம்மா இருந்தவரை கால் மணி பிந்தினாலும் வாசலுக்கு வந்து நிற்பாள். இந்த நாலு வருஷமாக நான் எப்போது வந்தாலும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஆளில்லை. பதினோரு பேரை அலையவிட்டது அவமானம்தான், சந்தோஷமாகவும் இருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. மலையேறும் முன்பு சங்கத்தில் இருக்கும் என் உறுப்பினர் அட்டையைப் பார்த்து உனக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது உன் பழைய எண், அது உபயோகத்தில் இல்லை என்று வந்ததாம். நீ பேசும்போது என் போனில் எந்த எண்ணும் விழுவதில்லை, நானும் கேட்டதில்லை. கூப்பிட்டால் எடுக்க ஆளில்லாதவருக்குத் தகடு கிடையாது என்பது சங்கத்து விதி, மாதக் கடைசி வரை கெடு கொடுத்திருக்கிறார்கள். பேக்கரிக்கார அம்மா தன் எண்ணையே போட்டுக்கொள்ளச் சொன்னார், நல்ல மனசு. எனக்கு மகள் இருக்கிறாள், கடிதம் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

குளிரில் குழந்தையின் காதை மூடிக் கூட்டிப் போ, நீயும் நின்றுகொண்டே சாப்பிடாதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதற்குத்தான் என் ஆசி எல்லாம். எண்ணைத் தெளிவாக எழுது, உனக்கு ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி விழும். கூப்பிட்டால் எடுப்பாய் என்று கீழே ஒரு வரியும் எழுது. பழைய எண்ணை அழித்துவிட்டேன், அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

உன் அப்பா